வாடகை வீட்டில் இரண்டு கிளிகள்

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு எடுத்தால் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்கலாம். காலி செய்யும்போது தரையில் கறை, சுவரில் கீறல் என்று பார்த்துப் பார்த்துப் பிடிப்பார்கள் என ட்யூசல்டார்ஃபுக்கு வந்த புதிதில் ஆளாளுக்குப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். மகள் கிளி வளர்க்க வேண்டும் என்று நின்றபோது என் கண் நேராக மரத்தரைக்குத்தான் போனது.

கிளி எச்சம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. கழுத்தில் வளையம் போட்ட நம் ஊர்ப் பச்சைக்கிளி ரைன் நதிக்கரை நகரங்களில் வெட்டவெளியில் வாழ்கிறது. பக்கத்துக் கோல்னில் 1969-லேயே குஞ்சு பொரித்திருக்கிறது. இங்கே கோனிக்ஸ் அலே என்ற பணக்காரக் கடைத்தெருவில், பொழுது சாயும் நேரம் மரங்களில் கூட்டம் கூட்டமாக வந்து அடையும். கீழே நடைபாதை, நாற்காலி, விலை உயர்ந்த கோட்டு எதற்கும் தயவு கிடையாது. நம் ஊரில் இதே கிளியைக் கூண்டில் அடைத்தால் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நாங்கள் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தது காக்டீல் என்ற கொண்டைக் கிளி ஜோடி. ஒற்றையாகத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான், கூட்டமாக வாழ்கிற ஜாதி.

இந்த அளவுக் கிளி பகலில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எச்சம் போகும். ஆனால் ராத்திரி அடக்கி வைத்து, விடிந்ததும் பெரிதாக ஒன்று போடும். குறித்த இடத்தில் போகப் பழக்க வசதியான நேரம் அதுதான். கூண்டைத் திறந்ததும் விரலில் ஏற்றி, நேரே செய்தித்தாள் விரித்த ஸ்டாண்டில் விடுவேன். போகிற நேரம் பார்த்து ‘கக்கா’ என்று ஒரு சொல், போனதும் இரண்டு தினை மணிகள். கடையில் தினை முழுக் கதிராகவே கிடைக்கிறது. சங்கப் பாட்டில் தினைப்புனம் காத்த பெண்கள் கிளியை விரட்டினார்கள். நான் யூரோ கொடுத்து வாங்கி ஊட்டுகிறேன்.

பகலில் அறிகுறி பார்க்க வேண்டும். லேசாகக் குந்தும், ஓரடி பின்னால் வைக்கும், வால் மேலே போகும். அந்த நொடிக்குள் ஸ்டாண்டில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சட்டை. தவறிப் போனால் அதட்டிப் பயனில்லை. எதற்கு அதட்டுகிறோம் என்று அதற்குப் புரியாது. நாம் கத்துவதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு திரும்பக் கத்தும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாத அடுக்குமாடியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

பறவை மருத்துவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: நாம் சொன்னால்தான் போக வேண்டும் என்ற அளவுக்குப் பழக்கிவிடக் கூடாது. ஆள் இல்லாத நேரத்திலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஆசனவாய் வெளியே தள்ளிவிடும் ஆபத்து உண்டு. அதனால் கூண்டுக்குள் அதன் இஷ்டம். ஸ்டாண்டு, சொல் எல்லாம் வெளியே விடும்போது மட்டும். எச்சத்தைத் துடைத்துப் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்க்கவும் சொன்னார். பச்சை, வெள்ளை, தண்ணீர் என்று மூன்றும் இருக்க வேண்டும். பீட்ரூட் தின்ற அன்று சிவப்பாக வந்தால் பதற வேண்டியதில்லை.

அப்படியே எங்கள் சமையலறையையும் விசாரித்தார். நான்-ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை கிளியைக் கொன்றே விடுமாம். தோசைக்கு இரும்புக் கல் வந்தது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றது. அம்மாவுக்கு இரண்டாவது விஷயத்தில் இன்னும் வருத்தம்.

ஆண் கிளி நன்றாகவே பழகிவிட்டது. பெண்ணுக்குத் தினை மட்டும் வேண்டும், ஸ்டாண்டு வேண்டாம். அதற்குத் திரைச்சீலைக் கம்பிதான் பிடித்த இடம். கம்பிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிட்டோம்.