யார் எந்தக் குடி: ஒரு கோடை விடுமுறை நாட்குறிப்பு

4 மே 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். மதியத்தில் மகளை வெளியே விட முடியவில்லை. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையை அவளுக்குப் படித்துச் சொல்லத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. ஒரு பக்கம் படிப்பேன், அப்புறம் அதையே தமிழில் என் வாய்க்கு வந்தபடி சொல்வேன். பத்து வயதுக்காரிக்கு அது போதுமாக இருக்கிறது.

இன்று சாப்பிடும்போது திடீரென்று, "அம்மா, பாட்டி ஹாபிட்தானே?" என்றாள்.

எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. ஹாபிட்கள் கதையில் வரும் சின்ன உருவ மக்கள். தங்கள் பிறந்தநாளன்று மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பார்கள். உபயோகமும் இல்லை, தூக்கிப்போட மனமும் வராது என்கிற பொருளுக்கு அவர்களிடம் 'மாத்தம்' என்று ஒரு பெயரே உண்டு. வீடு நிறையச் சேரும், பரிசாகக் கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மாவின் பரண் அப்படியே அதுதான். சாயங்காலம் ஏணி போட்டு ஏறி ஒரு தூக்குப்போசியை இறக்கிக் காட்டினேன். அடியில் மூன்று பெயர்கள் வெட்டியிருந்தன. அம்மா ஒரு கல்யாணத்தில் கொடுத்தது, அங்கிருந்து ஒரு சீருக்குப் போய், அங்கிருந்து ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. மகள் மூன்று பெயர்களையும் விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

6 மே, செவ்வாய்

பொள்ளாச்சிப் பெரியம்மா என்ட். இதை யாரும் மறுக்கவில்லை. என்ட்கள் மரங்களை மேய்ப்பவர்கள், எதற்கும் அவசரப்படாதவர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் அதன் முழுக் கதையும் பெயருக்குள் இருக்க வேண்டும் அவர்களுக்கு. கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரவே மூன்று நாள் ஆகும். பெரியம்மாவிடம் ஃபோனில் "தோப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், கேணி மேட்டு மரத்தை யார் வைத்தது என்பதில் ஆரம்பிப்பார். இப்போது தென்னைக்கு வேர் வாடல் நோய். நோய் விழுந்த மரங்களை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இன்று மகளிடம் ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பதினோராவது மரத்தில் நிறுத்திவிட்டார். மகள் ஃபோனை வைக்காமல் காத்திருந்தாள்.

என் கணவர் ரேஞ்சர். மில்லில் இரவு ஷிஃப்ட். ஹாபிட்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக, அவர்களுக்கே தெரியாமல் எல்லையைக் காக்கிறவர்கள் ரேஞ்சர்கள். பட்டம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

9 மே, வெள்ளி

அப்பா.

கதையில் வரும் 'ட்வார்ஃப்' என்ற இனத்தைத் தமிழில் குள்ளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பெருமையெல்லாம் கைவேலையில் இருக்கிறது, உயரத்தில் என்ன இருக்கிறது? குகைக்கொல்லர் என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். கல்லும் உலோகமும் அவர்களுக்கு உயிர். பட்ட அவமானத்தைத் தலைமுறை தாண்டியும் மறக்க மாட்டார்கள்.

"தாத்தாதான் அது," என்றாள் மகள், யோசிக்காமலே.

அப்பா நாற்பது வருடம் தங்க வேலை செய்தவர். கண் மங்கியதால் ஆறு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டார். ஆனாலும் மாலையில் பட்டறை மேசையைப் பிரஷ்ஷால் கூட்டுவார், மூலை மூலையாக, மெதுவாக. வேலை நடந்த காலத்தில் அரத்தூள் ஒரு துளி வீணாகாது. கை கழுவிய தண்ணீரையும் பிடித்து வைப்பார்கள். பட்டறை மண்ணை அலசித் தங்கம் எடுக்கவே கோவையில் ஆட்கள் உண்டு. இப்போது அந்த மேசையில் கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. இன்றைக்கு மகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

11 மே, ஞாயிறு

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மகள் மாமாவை எல்ஃப் என்று சொல்லிவிட்டாள். என் தாய்மாமா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எதைக் கேட்டாலும் ஒரு பாட்டில் வந்து முடியும். நொய்யலில் தண்ணீர் ஓடிய காலத்தைப் பற்றிப் பேசினால் கண் நிறைந்துவிடும். எல்ஃப்கள் கதையில் வரும் மூப்பில்லாத குடி. நீண்ட ஞாபகமும் அதோடு சேர்ந்த துயரமும்தான் அவர்களின் குணம். ரொம்பப் பொருத்தம்.

"அப்போ தாத்தாவுக்கும் அவருக்கும் சண்டை வருமே?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. கதையில் இரண்டு குடிக்கும் ஆதிப்பகை உண்டு. டோல்கீன் இறந்த பிறகு, 1977இல், அவர் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட 'சில்மரில்லியன்' நூலில் அது வருகிறது. திங்கோல் என்ற எல்ஃப் அரசன் ஒரு பழைய ஆரத்தில் வைரம் போல ஒளிரும் ஒரு கல்லைப் பதிக்கக் குகைக்கொல்லர்களை அழைக்கிறான். வேலை முடிந்ததும் ஆரம் யாருடையது என்று தகராறு. அரசன் அவர்களை இழிவாகப் பேசுகிறான், அவர்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆரம்தான். 2011இல் மாமா மகள் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்தது, ஆறு பவுன். கல்யாண வீட்டில் யாரோ எடை குறைகிறது என்றார்கள். மாமா அதை நம்பவில்லை என்று இன்றும் சொல்கிறார். ஆனால் அந்த இடத்தில் அவர் வாய் திறக்கவில்லை. அப்பா இலையிலிருந்து எழுந்து வந்தவர்தான். பதினாலு வருடம் ஆகிறது. மாமா அம்மாவைப் பார்க்க வருவதும் அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

14 மே, புதன்

"எழுதினவரும் வீட்டு ஆளுங்களுக்குப் பேர் வச்சாரா?" என்று கேட்டாள். வைத்தார். 1917இல் யார்க்‌ஷரில் ஒரு காட்டுக்குள் அவர் மனைவி ஈடித் அவருக்காக ஆடினார். அதிலிருந்துதான் லூத்தியன் என்ற எல்ஃப் இளவரசி பிறந்தாள். 1971இல் ஈடித் இறந்தபோது கல்லறையில் அந்தப் பெயரையும் செதுக்கச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர, அவர் பெயருக்குக் கீழே லூத்தியனின் காதலன் பெரன் பெயர் ஏறியது. ஆக்ஸ்ஃபோர்டில், வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில், ஒரே கல்லில் இருக்கிறது.

16 மே, வெள்ளி

லோத்லோரியன் காடு வந்துவிட்டது. எல்ஃப்களின் நாடு. குகைக்கொல்லன் கிம்லிக்கு மட்டும் கண்ணைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மட்டுமா என்று அவன் நின்றுவிடுகிறான். கடைசியில் எல்லோருமே கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆனால் உள்ளே போனதும் அரசி கலாட்ரியல், அவன் முன்னோர் வாழ்ந்த மலையையும் ஏரியையும் அவன் குடியின் மொழியிலேயே பெயர் சொல்லிப் பேசுகிறாள். அவ்வளவுதான், அவன் மனம் இளகிவிடுகிறது. விடைபெறும்போது என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அவள் தலைமுடியில் ஒன்று கேட்கிறான். அவள் மூன்று கொடுக்கிறாள். அதைப் படிகத்துக்குள் வைத்து, எங்கள் மலைக்கும் உங்கள் காட்டுக்கும் நடுவில் நல்லெண்ண அடையாளமாகக் காப்பேன் என்கிறான்.

நிமிர்ந்து பார்த்தால் அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

18 மே, ஞாயிறு

அம்மாவுக்கு 65. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் பரணிலிருந்து ஏதாவது இறங்கிக்கொண்டே இருந்தது. தூக்குப்போசி பெரியம்மாவுக்குப் போனது.

பதினொரு மணிக்கு மாமா வந்தார். அப்பா வீட்டில்தான் இருந்தார், தெரிந்தேதான் வந்திருக்கிறார். நேராகப் பட்டறை மேசைக்குப் போய் ரோஸ் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். அதே ஆரம். கொக்கி தளர்ந்திருந்தது.

"மாமா, பதினாலு வருசமா பார்க்கிறேன். எங்க பொடி வச்சு ஊதுனீங்கன்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல."

இரண்டு தங்கத் துண்டைப் பொடி வைத்து ஊதிச் சேர்த்த இடம் தெரியவில்லை என்றால், பட்டறைக்காரருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. அப்பா லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஆரத்தை ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"உட்காருங்க மாப்பிள்ளை," என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருவரும் மேசையை விட்டு எழவில்லை. அப்பா என் மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த மூணு முடியப் படிகத்துக்குள்ள எப்படி வச்சான்?"

அது கதையில் வரவில்லை என்றாள்.

"நெருப்பு ஆகாது, முடி கருகிரும். கல்ல ரெண்டாப் பிளந்து, உள்ள பள்ளம் வெட்டி, விளிம்பச் சுத்தித் தங்கத்தக் கட்டணும்." விரலால் மேசையில் வரைந்து காட்டினார்.

மாமா குனிந்து பார்த்தார். "மூணையும் பின்னியா வைப்பீங்க, தனித்தனியாவா?"

அப்பா யோசித்தார்.

"தனித்தனியாத்தான். ஒண்ணு மேல ஒண்ணு படக்கூடாது."