உடைந்த பல்லைத் தூக்கிப் போடாதீர்கள்

வார்ப்பட ஆலையில், உருகிய இரும்பு நிரம்பிய லேடில் என்னும் பெரிய வாளியை உலையிலிருந்து வார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோக, தண்டவாளத்தில் ஓடும் டிரான்ஸ்ஃபர் டிராலி ஒன்று இருக்கும். நான் பராமரிப்பில் இருந்த ஆலையில் அதன் கியர் பாக்ஸ் தண்டிலுள்ள பினியன், அதாவது சக்கர அச்சின் பெரிய பல் சக்கரத்தைச் சுற்றிவிடுகிற சின்னது, ஆறு மாதத்தில் இரண்டு முறை பல் உடைந்தது. லேடில் நடுவழியில் நின்றால் உள்ளே இரும்பு ஆறத் தொடங்கிவிடும். அந்தப் பதற்றத்தில் புதுப் பினியனை மாட்டி வண்டியைக் கிளப்பினால் போதும் என்றிருக்கும், உடைந்த துண்டு நேரே ஸ்கிராப்புக்குப் போகும். முதல் முறை அப்படித்தான் செய்தோம்.

இரண்டாம் முறை துண்டைப் பொறுக்கி டீசலில் கழுவிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பெரும்பகுதி வழவழப்பு, அதில் அலை வந்துபோன மணல் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். கடைசி ஓரம் மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் பாரம் தாங்காமல் போயிருந்தால் முகம் முழுக்கச் சொரசொரப்பாக இருந்திருக்கும். இது நாள்பட வளர்ந்த விரிசல். அந்தக் கோடுகள் எல்லாமே பல்லின் ஒரு முனையிலிருந்துதான் கிளம்பியிருந்தன.

சரி, ஏன் ஒரு முனை மட்டும்? புதுப் பினியனை மாட்டியதும் பற்களில் நீலம், அதாவது பல்லோடு பல் தொடும் இடத்தைக் காட்டும் மை, தடவிக் கையால் சுற்றினோம். பல்லின் அகலம் முழுக்கப் பரவ வேண்டிய தடம், அதே ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் விழுந்தது. முழுப் பாரத்தையும் அந்த மூலைதான் சுமந்திருக்கிறது. கீழே படுத்துப் பார்த்தால் கியர் பாக்ஸின் அடி போல்ட் இரண்டு தளர்ந்திருந்தன, போன முறை கழற்றிய டவல் பின்களை, அதாவது பெட்டி இடம் நகராமல் பிடிக்கும் முளைகளை, யாரும் திரும்பப் போடவே இல்லை. வண்டி முன்னே போகும்போது பெட்டி ஒரு பக்கம் இழுபடும், பின்னே வரும்போது மறுபக்கம்.

போல்ட் தளர்ந்ததற்கும் காரணம் இருந்தது. தண்டவாள இணைப்பு ஒன்று தாழ்ந்திருந்தது, ஒவ்வொரு நடையிலும் வண்டி அங்கே தொம்மென்று இறங்கி ஏறும். டிராலி ஓட்டும் அண்ணன் இதைப் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் காதில் வாங்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இணைப்பைத் தூக்கி மட்டம் செய்தோம், சிறு விலகலையும் அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பெட்டியை நேராக்கினோம், துளைகளை ரீமர் போட்டுச் சீராக்கிப் புது டவல் அடித்தோம். அப்புறம் நீலம் பல் முழுக்கப் படிந்தது.

மற்ற காரணங்களும் உண்டு: வண்டி நிற்குமுன் ரிவர்ஸ் கொடுப்பது, தேய்ந்த சக்கரங்கள் விட்டத்தில் ஒன்றுக்கொன்று மாறுவது, கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கி ஆயில் பால் நிறமாவது. பல்லின் நடுவில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தால் ஆயிலையும் பாரத்தையும் முதலில் பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு அடி போல்ட்டிலும் தலையிலிருந்து பெட்டி வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். போல்ட் திரும்பினால் கோடு விலகும். ஷிஃப்ட் தொடங்கும்போது அந்த அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்.