ஹாமான் பெயரை ஒன்பது தடவை எழுதிய கதை

ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டுத் தரியா என்று தோழி கேட்டபோது யோசிக்காமல் சரி என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் தப்பு. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் பாடம் எடுக்கிறோம். அவள் யூதப் பெண், இந்த நாட்டு யூதர்களில் பெரும்பாலோரைப் போல அவள் முன்னோரும் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள். பூரிம் பண்டிகைக்கு அவர்கள் ஒரு கேலி நாடகம் போடுவார்கள், பூரிம் ஷ்பீல் என்று பெயர். ஷ்பீல் என்றால் இத்திஷ் மொழியில் நாடகம். எனக்கு ஆர்மோனியம் வரும், அதனால் கீபோர்டும் வரும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

கதை பைபிளில், பழைய ஏற்பாட்டின் எஸ்தர் புத்தகத்தில் இருப்பதுதான். இந்தியாவிலிருந்து எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு ராஜா (முதல் ஒத்திகையில் இந்த வரியைப் படித்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், என்னவோ நான் கப்பம் கட்ட வந்தவள் மாதிரி), விருந்தில் குடித்துவிட்டு, ராணி வஸ்தியின் அழகை எல்லோரும் பார்க்கட்டும் என்று கூப்பிட்டு அனுப்புகிறான். வரமாட்டேன் என்கிறாள் அவள். பட்டம் போகிறது, எஸ்தர் என்ற யூதப் பெண் ராணியாகிறாள். மந்திரி ஹாமான், எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் தன்னை வணங்கவில்லை என்ற கோபத்தில் யூதர்கள் அத்தனை பேரையும் கொல்ல உத்தரவு வாங்குகிறான், கடைசியில் மொர்தெகாய்க்காக நட்ட தூக்குமரத்தில் அவனே தொங்குகிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "தப்பிச்சுட்டோம் இல்லே, அப்புறம் என்ன?" என்றாள்.

என் தாத்தா தெருக்கூத்தில் கட்டியங்காரன். இங்கே ஆங்கிலத்தில் அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். கூத்தில் ராஜா சும்மா நடந்து வந்துவிட மாட்டார், இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று தன் பெருமையைப் பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். ஹாமானையும் அப்படி வரவைக்கலாமே என்று நான்தான் சொன்னேன். ஒரு படுக்கை விரிப்பு, பிடிக்க இரண்டு பையன்கள், கும்மி மெட்டில் ஒன்பது வரி, வரிக்கு ஒரு தடவை ஹாமான் பெயர். ஒத்திகையில் சரியாக 2 நிமிடம் வந்தது.

ஒத்திகையில் கூட்டம் இல்லையே! பூரிம் அன்று எஸ்தர் சுருளை வாசிக்கும்போது ஹாமான் பெயர் வந்தால் போதும், அது காதில் விழாதபடி ஊரே காலை உதைத்து, கிலுகிலுப்பையைச் சுற்றி, கத்தித் தீர்க்கும். தோழி இதைச் சொல்லியிருந்தாள், நான்தான் மறந்துபோனேன். முதல் வரியிலேயே கூரை அதிர்ந்தது. நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி கூரை. நான்காவது வரியில் விரிப்பைப் பிடித்த பையனுக்குக் கை வலித்து ஒரு பக்கம் இறங்கிவிட, ஒட்டு மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கும் ஹாமானைச் சபை முழுக்கப் பார்த்தது. அசல் வாழ்க்கையில் அவர் பல் டாக்டர். மனுஷன் அசரவில்லை, பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து "ஹா... ஹா..." என்று இழுத்தார். கிலுகிலுப்பைகள் எழுந்தன. "ஹாச்சூ!" என்று தும்மினார். தாத்தா இருந்திருந்தால் அவருக்கு அந்த இடத்திலேயே சலங்கை கட்டியிருப்பார். பாட்டு முடிய கால் மணி நேரம் ஆனது.

ஹாமானின் பத்துப் பிள்ளைகள் பெயரையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். பர்சான்தாத்தா, தல்போன், அஸ்பாதா என்று போகும், நம் ஜதிக்கென்றே வைத்த பெயர்கள். ஒத்திகையில் ஏழாவது பெயருக்கு மேல் தாண்டாத தோழி, அன்று நான் தாளம் போட, வாய்சாதா வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

அப்புறம் கசகசா வைத்த முக்கோணப் பலகாரம் கொடுத்தார்கள். நான் கொண்டுபோன முக்கோணம், அதாவது சமூசா, கோஷர் (யூத உணவு விதிப்படி செய்தது) இல்லை என்பதால் காரிலேயே கிடந்தது.

வீட்டில் ஆயாதான் அதைத் தின்றாள். முழுக் கதையும் கேட்டாள், தும்மலுக்கு மட்டும் சிரித்தாள்.

"நம்ம திரௌபதியைச் சபைக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அந்த வஸ்தி வரமாட்டேன்னுட்டாளா? அப்புறம் என்ன ஆனா?"

பட்டம் போனதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று புத்தகத்தில் இல்லை என்றேன். ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அந்த மீசைக்காரனுக்கு எதுக்கு ஒன்பது வரி? அவளுக்கில்லே நீ பாட்டு கட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சமூசாவை எடுத்தாள்.