இராயப்பரின் மாமியார்

வார்டில் எனக்குப் பிடித்த நேரம் காலை ஏழே முக்கால். நைட் டியூட்டி முடியப்போகும் நேரம். அடுத்த ஷிப்ட் சிஸ்டர் கொண்டையில் கிளிப்பைச் செருகிக்கொண்டே வருவார். இருவரும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக நடப்போம். மூன்றாம் பெட், டிரிப் ஓடுது, விடியக்காலை யூரின் நானூறு. ஏழாம் பெட், பத்து மணிக்கு ஸ்கேன், வெறும் வயிறு. இப்படிச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டால், முப்பது பேரும் என் தோளிலிருந்து இறங்கிவிடுவார்கள். ஹேண்டிங் ஓவர் என்போம். பதினேழு வருடமாகப் போடுகிற கையெழுத்து. இதைவிட நிம்மதி தருவது சம்பளத் தேதி மட்டும்தான்.

வீட்டில் அப்படி ஒரு கையெழுத்து கிடையாது என்பது 2022-இல், என் மாமியார் விழுந்த பிறகுதான் உறைத்தது.

அத்தை காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். இருட்டிலேயே ஏலத்துக்குப் போய், விடியும்போது பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையோடு நிற்பார். மாமனார் சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகனை வளர்த்தது அந்தக் கூடைதான். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனுக்குப் பதில் கருவாடு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருநாள் காலை குளியலறையில் சரிந்தார். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று.

பேச்சு போயிற்று என்றதில் ஒரு திருத்தம் உண்டு. மூளையின் இடப்பக்கம் அடிவாங்கியவர்கள் பலருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. ஆனால் பல வருடம் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே தங்கிவிட்டவை சில சமயம் அப்படியே மிஞ்சும்: ஒன்று இரண்டு மூன்று, பழைய பாட்டு, ஜெபம், வசவு. வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, ‘அருள் நிறைந்த மரியே’, ஓர் எழுத்து பிசகாமல். இன்னொன்று, ‘பேமானி’. பசித்தால் பேமானி, துணி ஈரமானால் பேமானி, பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றாலும் பேமானி; அதற்கு மட்டும் ராகம் வேறு. நோயில் பூசுதல் கொடுக்க வந்த சாமியாரையும் அப்படித்தான் வரவேற்றார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே எண்ணெயைத் திறந்தார்.

நான் வியாசர்பாடியில் வளர்ந்த சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் பெண். கல்யாணமாகி வந்தது ராயபுரத்துக் கத்தோலிக்க வீட்டுக்கு. இராயப்பர் என்றால் பேதுரு. எங்கள் பக்கம் பேதுரு என்போம். இவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னும் இராயப்பர்தான். அவர் பேரில் உள்ள கோயிலால்தான் இந்த இடமே ராயபுரம் ஆயிற்று என்பார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்து கிளம்பியதைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கோ இந்த ஊரில் குடிவந்ததிலிருந்து அந்த இராயப்பரின் மாமியார் மேல்தான் கண்.

மாற்கு முதல் அதிகாரத்தில் வருவார். நாலே வரி. பேதுருவின் மாமி ஜுரமாய்க் கிடந்தாள், இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், ஜுரம் நீங்கிற்று, எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள். ஓய்வுநாள் பள்ளியில் கேட்டபோது இது சின்ன அற்புதமாகத் தெரிந்தது, கடலைப் பிளக்கவில்லை, செத்தவர் எழவில்லை. நர்ஸ் ஆன பிறகு படித்தால் வேறு கேள்விகள் வருகின்றன. ஜுரம் விட்ட உடனேயே ஒரு பெண்ணை அடுப்படிக்கு அனுப்புகிறார்களே, ஒருநாள் படுக்கவிடக் கூடாதா? அதைவிட, இயேசு வாசலுக்கு வரும் முன்பு ஈரத்துணி போட்டது யார்? கஞ்சி கொடுத்தது யார்? மகள்தான் கொடுத்திருக்க வேண்டும், அதாவது பேதுருவின் மனைவி. அந்தப் பெண்ணின் பெயரை வேதத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. பவுல் ஒரு நிருபத்தில் போகிறபோக்கில், கேபா (பேதுருதான்) தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறாரே என்று சொல்வதோடு சரி.

படிக்கிற காலத்தில் எங்களுக்குச் சொன்ன அன்பில் எப்போதும் ஒரு கப்பல் இருக்கும். இதே வண்ணாரப்பேட்டையில் உள்ள ரெய்னி ஆஸ்பத்திரியின் கதையும் அப்படித்தான் தொடங்கும்: ஸ்காட்லாந்திலிருந்து 1888-இல் மெட்ராஸ் வந்து இறங்கிய டாக்டர் மெடில்டா மக்ஃபெயில். (என் கணவர் பிறந்தது அங்கேதான். நான் வேலை பார்ப்பது வேறோர் இடம்.) பெரிய மனுஷிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, தன்னலமில்லாத அன்பு என்றால் வீட்டை விட்டுக் கிளம்பிப் போவது என்று என் மனதில் பதிந்துவிட்டது. நானும் தினம் ஷேர் ஆட்டோவில் கிளம்பிப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

வார்டில் எனக்குப் பொறுமைசாலி என்று பேர். சட்டையைப் பிடித்து இழுக்கிற தாத்தாவிடமும் குரல் உயராது. அதை என் விசுவாசத்தின் கனி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வேறொருத்தி வந்துவிடுவாள் என்ற தைரியமும் அதில் பாதி என்பது அப்போது தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் ஒருநாள். நைட் முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் எட்டரைக்கே பட்டறைக்குப் போயிருந்தார். திருவொற்றியூர் பக்கம் லேத் வேலை. அந்த அரை மணி நேரம் எதிர் வீட்டு பாய் வீட்டு அக்கா எட்டி எட்டிப் பார்த்துக்கொள்வது வழக்கம். உள்ளே போனால், அத்தை மூக்கு வழியாகப் பால் ஊற்றுகிற ரைல்ஸ் டியூபைப் பிடுங்கிப் போட்டிருந்தார். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட ஏர்பெட் மேலெல்லாம் பால். துடைத்தேன், துணி மாற்றினேன், புது டியூப் இறக்கி, சிரிஞ்சில் இழுத்துப் பார்த்து, மூக்கில் பிளாஸ்திரி ஒட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்து, “பேமானி” என்றார்.

அது திட்டுகிற ராகம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் பழைய துப்பட்டாவை எடுத்து அவருடைய இடது கையை, அசைகிற அந்த ஒரே கையை, கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். கட்டிவிட்டுப் போய்த் தூங்கினேன்.

வார்டிலும் கட்டுவோம். டாக்டர் எழுதினால்தான் கட்டுவோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது தளர்த்தி, விரல் நீலமாகிறதா, தோல் தேய்கிறதா என்று பார்த்து, சார்ட்டில் குறிப்போம். வீட்டில் நாலு மணி நேரம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

முழிப்பு வந்தபோது மணி ஒன்றரை. கணவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். துப்பட்டாவை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அம்மாவின் மணிக்கட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சாப்பிட்டியா?”

அதோடு சரி. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாயங்காலம் பாய் வீட்டு அக்கா வந்து, “இன்னாடி இது, ஆயா கை செவந்துகீது?” என்றதும், அத்தை அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பேச வராது, தூக்கிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஜெபமாலை சொல்லும்போது நான் வழக்கமாகப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். எங்கள் சபையில் அது இல்லை, நானும் சொல்வதில்லை. அன்று அத்தை முதல் பாதியைத் தடங்கலில்லாமல் சொல்ல, அப்பாவும் பிள்ளையும் இரண்டாம் பாதியைச் சொல்ல, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக என்ற இடத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் சபைப் போதகர் ஐயருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ.

கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லிச் சின்ன வயதில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியவள் நான். அதில் ‘தற்பொழிவை நாடாது’ என்று ஓர் இடம் வரும். அர்த்தம் தெரியாது, பொழிவு என்றால் மழைதானே, அன்பு மழையை எதிர்பார்க்காது போல என்று நினைத்துக்கொண்டேன். டீச்சரும் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் வீட்டுத் திருவிவிலியத்தில் ‘தன்னலம் நாடாது’ என்று பார்த்தபோது, அட, இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த ஆகஸ்ட் ராத்திரிக்குப் பிறகு ‘இவ்வளவுதானா’ என்று சொல்ல வாய் வருவதில்லை.

அடுத்த ஞாயிறு கணவர் பட்டறையிலிருந்து ஒரு ஜாப் நோட்டைக் கொண்டுவந்தார். “உங்க ஆஸ்பத்திரில டியூட்டி மாறும்போது எழுதுவீங்கல்ல, அது எப்படின்னு சொல்லு” என்றார். ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். மணி, பால், தண்ணீர், எந்தப் பக்கம் திருப்பியது, மோஷன், குறிப்பு. பால் ஊற்றும்போது தலைமாடு உயரமாக இருக்க வேண்டும், முடித்து அரை மணி நேரமாவது இறக்கக் கூடாது, கடைசியில் வெறும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். பாய்லர் ஆபரேட்டர் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டார்.

பத்து நாளில் அவருடைய நோட் எங்கள் வார்டு நோட்டைவிடச் சுத்தமாக இருந்தது. நாங்கள் படுக்கைப்புண் ஆரம்பத்தை ‘அஞ்சு ரூபாய் காசு சைஸ்’ என்று எழுதுவோம். இவர் எழுதியது: ‘இடது குதிகால் சிவப்பு, 14 மி.மீ. நேற்று 16.’ ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். இன்னொரு நாள்: ‘மாலை 5. அம்மா அழுதாங்க. காரணம் தெரியல. பக்கத்துல உக்காந்தேன்.’ பதினேழு வருடத்தில் நான் ஒரு நோட்டிலும் இப்படி எழுதியதில்லை. எழுத எங்கள் நோட்டில் கட்டமும் கிடையாது.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதி ராத்திரி டியூட்டிக்குப் போனவள் 5-ஆம் தேதி சாயங்காலம்தான் திரும்பினேன். மாற்றிவிட ஆள் வர முடியவில்லை, போனும் செத்துவிட்டது. எனக்கு ஒரே கவலைதான். ஏர்பெட் மோட்டார் கரண்ட்டில் ஓடுவது. கரண்ட் போனால் காற்று இறங்கி வெறும் பலகைதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பினால் போதாது. இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

தொடை வரை தண்ணீரில் நடந்து வீட்டுப் படி ஏறினேன். நல்லவேளை, மாடி வீடு. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கமெல்லாம் மெழுகு சொட்டிக் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ‘4-ந்தேதி இரவு 11. பெட் அமுங்கிடுச்சு. மணிக்கு ஒரு தடவை திருப்பறோம்.’ அப்புறம் வரிசையாக: ‘12 நான். 1 பாய். 2 நான். 3 பாய் வீட்டு அக்கா.’ நாலு மணிக்கு எழுத்து மாறியிருந்தது, கோணல் மாணலாக மகனுடைய எழுத்து: ‘ஆயா தூங்குது. நான் தூங்கல.’

அத்தையை மெல்லத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். முதுகில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் காலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

போன ஆடியில் எனக்கு வைரல் ஃபீவர். தொற்றிக்கொள்ளும், தள்ளிப் படு என்றார் கணவர். தள்ளிப் படுக்க எங்கள் வீட்டில் ஏது இடம், மாஸ்க் போட்டுக்கொண்டு அத்தையின் கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்தேன். நடுராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது, முனகியிருப்பேன் போல. மேலேயிருந்து அந்த இடது கை தடவித் தடவி இறங்கி வந்தது. முதலில் காதில் பட்டது, அப்புறம் நெற்றி. நாற்பது வருடம் மீன் செதில் உரித்த கை, இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“பேமானி” என்றார். இதற்கு முன் கேட்டிராத ராகம்.

பிறகு சத்தத்தைக் கூட்டி, விடாமல் பேமானி பேமானி என்று கத்தி மகனை எழுப்பினார். அவர் தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டு வந்தார். காலையில் நோட்டைப் பார்த்தேன். அத்தையின் கட்டங்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, என் பெயர். ‘இரவு 1.40. ஜுரம் 102. டோலோ 650 ஒன்று. கண்டுபிடித்தது அம்மா.’