7 லட்சத்து 40 ஆயிரம் டாலர்

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இரண்டு பட்டியல்கள் தயாராகும். ஒன்று ஊரறிந்தது. மில்வாக்கி புரூவர்ஸ் பேஸ்பால் அணி அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை வேறு அணிக்குக் கொடுப்பது, யாரை விட்டுவிடுவது என்று கணக்குப் பார்க்கும் 40 பேர் பட்டியல். இன்னொன்று என் கணினியில் இருப்பது. பம்புகள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் என்னோடு வேலை செய்யும் 11 பேரின் பெயர்கள், எதிரே அவரவர் சம்பளம், அதற்கும் அடுத்து நான் நிரப்ப வேண்டிய காலிக் கட்டம். மொத்தத் தொகையை மேலிடம் முன்பே முடிவு செய்து அனுப்பிவிடும். அதைப் பதினொரு பேருக்குப் பங்கு போடுவது என் பொறுப்பு.

2019 முதல் இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இருக்கிற பணத்துக்குள் ஒரு குழுவைக் கட்டிக் காப்பது எப்படி என்பதைப் பெரும்பாலும் புரூவர்ஸ் அணியைப் பார்த்துத்தான் படித்தேன். ஒரு குழுவை எப்படி உடைக்கலாம் என்பதையும் அங்கேதான் பார்த்தேன்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஆட்டத்தின் பணக்கணக்கு பிடிபடச் சற்று நேரமாகும். 2024 நவம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் லக்னோவுக்கும் செலவு வரம்பு ஒன்றே, 120 கோடி ரூபாய். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி வரம்பே கிடையாது. ஒரு கோட்டைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். 2025இல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அதைத் தாண்டிக்கொண்டே இருக்கிறது. புரூவர்ஸ் அதில் பாதியை ஒட்டியே நிற்கிறது. டாட்ஜர்ஸின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர். மில்வாக்கியோ, அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கிலேயே மிகச் சிறிய தொலைக்காட்சிச் சந்தை. ஏரிக்கரைக் குளிரில் வாழும் இந்தச் சின்ன ஊரிலிருந்து ஆண்டுக்கு 25 லட்சம் டிக்கெட்டுகளுக்கு மேல் விற்கின்றன. அவ்வளவு பேர் வந்து அமர்ந்தும் அந்தப் பள்ளம் நிரம்புவதில்லை.

எனக்கு இதையெல்லாம் விளக்கியவர் என் முன்னாள் மேலாளர். மில்வாக்கிக்குப் பக்கத்து ஊரான வாகேஷாவில் பிறந்து வளர்ந்தவர். கோடைக்காலத்தில் பகல் ஆட்டம் இருந்தால் அவர் மேசையில் ஒரு சிறிய ரேடியோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும். 1971 முதல் புரூவர்ஸ் ஆட்டங்களை வர்ணித்த பாப் யூக்கரின் குரல் அது. மேலாளர் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் ஸ்கோர் குறித்தபடியே என்னுடைய அறிக்கைகளையும் படித்துவிடுவார். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் ஒரு நாள் எனக்கு ஏணிப்படம் வரைந்து காட்டினார்.

அந்த ஏணியில் ஏற ஆறு ஆண்டுகள் ஆகும். மேஜர் லீக்குக்கு வரும் வீரருக்குப் பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைதான். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகளில் சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் குழுவிடம் போகலாம். ஆறு ஆண்டுகள் முடிந்தால் அவர் சுதந்திர மனிதர். எந்த அணியோடும் பேரம் பேசலாம். பணக்கார அணி ஏணியின் உச்சியில் நிற்பவரை வாங்குகிறது. புரூவர்ஸ் போன்ற அணி கீழ்ப்படிகளில் நிற்பவர்களை வைத்து ஜெயிக்க வேண்டும். ஐந்தாம் படிக்கு வந்தவரைக் கொடுத்துவிட்டு, முதல் படியில் நிற்கும் இரண்டு பேரை வாங்கிக்கொள்ள வேண்டும். "ஒரு வருஷம் தாமதமாகக் கொடுப்பதைவிட ஒரு வருஷம் முன்னதாகக் கொடுப்பதே மேல்" என்று இந்த ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். சொல்லும்போது வலியோடுதான் சொல்வார்கள்.

2022 ஆகஸ்ட் முதல் தேதி அந்த வலியை எங்கள் அலுவலகத்தில் கண்ணால் பார்த்தேன். புரூவர்ஸ் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அன்று ஜாஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பந்துவீச்சாளர்களில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்தவர் அவர். அவருக்கு ஈடாக வந்த நால்வரில் ஒருவரை இரண்டு நாளிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்து பிட்ஸ்பர்கில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. மேலாளர் ரேடியோவை அணைத்துவிட்டு நோட்டை இழுப்பறைக்குள் வைத்தார். அந்த வாரம் அதை வெளியே எடுக்கவில்லை. 86 வெற்றிகளோடு சீசன் முடிந்தது. ஃபிலடெல்பியா 87 வெற்றிகளோடு பிளேஆஃபுக்குப் போனது.

கணக்குப் பார்த்தால் அந்தப் பரிமாற்றம் தவறில்லை. வந்த நால்வரில் எஸ்டேயுரி ரூயிஸ் என்பவரை அதே டிசம்பரில் மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில் ஓக்லாந்துக்கு அனுப்பி, அட்லாண்டாவிலிருந்து வில்லியம் கான்ட்ரேராஸ் என்ற கேட்சரை, அதாவது விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரைப் பெற்றார்கள். இன்றைக்கும் அணியின் முதுகெலும்பு அவர். ஆனால் அந்த ஆகஸ்டில் உடைமாற்றும் அறையில் இருந்த மற்ற வீரர்களுக்கு டிசம்பரில் யார் வருவார் என்று எப்படித் தெரியும்? ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் தங்களில் ஒருவர் போய்விட்டார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

இதைவிட ஆழமாக என்னைத் தொட்டது அடுத்த பிப்ரவரியில் நடந்தது.

கார்பின் பர்ன்ஸ் புரூவர்ஸின் பந்துவீச்சாளர். ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை 2021இல் பெற்றவர். 2022இல் 202 இன்னிங்ஸ் வீசி 243 பேரை ஸ்ட்ரைக்கவுட் செய்தார், அதாவது தன் வீச்சாலேயே அவுட்டாக்கினார். மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான தேசிய லீகில் அதுவே அதிகம். அடுத்த ஆண்டுக்கு அவர் கேட்ட சம்பளம் 1 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அணி சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். இடைவெளி 7 லட்சத்து 40 ஆயிரம். விவகாரம் நடுவர் குழுவிடம் போனது. அந்த விசாரணையில் பாதிக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. இரண்டு தொகைகளில் ஏதாவது ஒன்றைத்தான் நடுவர்கள் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் இரு தரப்பும் வாதாட வேண்டும். வீரர் ஒரு பக்கம் அமர்ந்திருக்க, அவர் ஏன் அவ்வளவு பெறுமானம் இல்லாதவர் என்று அவருடைய சொந்த அணியே எதிரே அமர்ந்து அடுக்க வேண்டும். அணிதான் ஜெயித்தது. வெளியே வந்த பர்ன்ஸ் செய்தியாளர்களிடம் மறைக்காமல் பேசினார். முந்தைய ஆண்டு பிளேஆஃப் கைநழுவியதற்குத் தன்னை ஒரு முக்கியக் காரணமாக அங்கே காட்டினார்கள் என்றார். உறவு காயப்பட்டுவிட்டது என்பதை மூடிமறைக்க முடியாது என்றார்.

அதை அலுவலகச் சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டே கைபேசியில் படித்தேன். கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு மாதங்களுக்கு முன் அதையேதான் நானும் செய்திருந்தேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். பம்புகளின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் பாதி அவர் எழுதியது. இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஓர் ஆலையில் பம்பு நின்றுபோனால் அவருடைய தொலைபேசிதான் ஒலிக்கும். அந்த டிசம்பரில் எனக்குக் கிடைத்த தொகையில் அவருக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க முடியவில்லை. அது என் கையை மீறிய விஷயம். என் கையில் இருந்தது மதிப்பீட்டுப் படிவம். அதில் "மேம்பட வேண்டியவை" என்று ஒரு பகுதி உண்டு. 2 சதவீதத்துக்கு ஒரு நியாயம் தென்பட வேண்டும் என்று நினைத்து, ஆகஸ்டில் ஒரு வெளியீடு மூன்று வாரம் தள்ளிப்போனதற்கு அவரும் பொறுப்பு என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தாமதம் நடக்காமல் இருந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்கப் போவது அதே 2 சதவீதம்தான்.

அவர் வாதாடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தார். இந்தப் பக்கத்தின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அச்சிட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கொடுத்த வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தார். கொடுக்காத எதையும் செய்யவில்லை. அதுவரை பக்கத்து இருக்கைக்குப் போய் இளையவர்களின் நிரலைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார், அது நின்றுபோனது. நான் அதைக் கவனித்தேன். காரணமும் எனக்குத் தெரியும். கேட்கத்தான் துணிவு வரவில்லை. 2024 கோடையில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

பர்ன்ஸும் அதற்குள் போயிருந்தார். 2024 பிப்ரவரி முதல் தேதி அவரை பால்டிமோருக்குக் கொடுத்து ஜோயி ஓர்ட்டிஸ், டி.எல். ஹால் என்ற இரண்டு இளைஞர்களையும், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் இடத்தையும் பெற்றார்கள். சுதந்திரம் பெறுவதற்கு ஓர் ஆண்டு மிச்சம் இருந்தபோது நடந்தது அது. பர்ன்ஸ் பின்னர் அரிசோனாவோடு ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மில்வாக்கி அவரை எப்படியும் வைத்திருக்க முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். பரிமாற்றம் சரி. ஆனால் கையில் இருந்த அந்த ஓராண்டையும் கசப்போடு கழிக்க வைத்த அந்த 7 லட்சத்து 40 ஆயிரம் சரியில்லை. 2024இல் மேஜர் லீக்கில் ஒரு புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் அதே 7 லட்சத்து 40 ஆயிரம் டாலர். பட்டியலின் கடைசி இருக்கைக்குக் கொடுக்கும் பணத்துக்காக அணியின் முதல் பந்துவீச்சாளரை எதிரே உட்கார வைத்து அவர் குறைகளை வாசித்தார்கள்.

சிறு அணி என்றாலே கஞ்சத்தனம் என்று இங்கே வானொலியில் கொதிப்பவர்கள் உண்டு. மைதானத்தின் பராமரிப்புக்கென்று 2023இல் மாநில அரசு பொதுப்பணத்தில் 50 கோடி டாலருக்கு வழி செய்து கொடுத்த பிறகு அந்தக் கோபம் கூடியது. பொதுமக்கள் பணம் வாங்கும் அணி தன் வரவுசெலவைப் பொதுமக்களிடம் காட்ட வேண்டும் என்பதே என் எண்ணமும். ஆனால் செலவழிக்கவே மாட்டார்கள் என்பது உண்மையில்லை. அணியின் மூத்த வீரர் கிறிஸ்டியன் யெலிச்சுக்கு 21.5 கோடி டாலர் ஒப்பந்தம் இருக்கிறது. 2023 டிசம்பரில், மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்தித்திராத 19 வயது ஜாக்சன் சூரியோவுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 8.2 கோடி டாலர் கொடுத்தார்கள். ஏணியின் அடியிலேயே பிடித்துக்கொள்ளும் துணிச்சல் அது.

2024 அக்டோபர் 3ஆம் தேதி, நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் சுற்றின் கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்னும் இரண்டே அவுட் எடுத்தால் வெற்றி. புரூவர்ஸின் டெவின் வில்லியம்ஸ் வீசிய பந்தை மெட்ஸின் பீட் அலோன்சோ ஹோம் ரன் அடித்து மூன்று ஓட்டங்கள் எடுத்தார். சீசன் அங்கே முடிந்தது. யூக்கர் வர்ணித்த கடைசி ஆட்டமும் அதுவே. அடுத்த ஜனவரியில் காலமானார். 2024 டிசம்பரில் வில்லியம்ஸை நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸுக்குக் கொடுத்தபோது, அந்த ஒரு பந்துக்கான தண்டனை இது என்று எங்கள் அலுவலகத்தில் பலர் நினைத்தார்கள். அவர் அந்த இரவு மூன்று பேரையும் ஸ்ட்ரைக்கவுட் செய்திருந்தாலும் டிசம்பரில் போயிருப்பார். ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுதான் மிச்சம் இருந்தது. அதே மாதம் புரூவர்ஸின் வில்லி அடாமஸ் 18.2 கோடி டாலருக்கு சான் பிரான்சிஸ்கோ போனார். அவர் நின்ற ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாட்ட இடத்தில், பர்ன்ஸுக்கு ஈடாக வந்த ஓர்ட்டிஸ் வந்து நின்றார். வில்லியம்ஸுக்கு ஈடாக வந்தவர்களில் கேலப் டர்பின் என்ற குள்ளமான இளைஞர் மூன்றாம் பேஸ் என்ற தடுப்பாட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். 2025இல் 97 வெற்றிகள். அணியின் வரலாற்றிலேயே அதிகம், அந்த ஆண்டு எல்லா அணிகளிலும் அதிகம். லீக் இறுதிச்சுற்றில் டாட்ஜர்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்றார்கள். நான்காவது ஆட்டத்தில் ஓஹ்தானி என்ற ஒருவரே மூன்று ஹோம் ரன் அடித்து, பத்துப் பேரை ஸ்ட்ரைக்கவுட்டும் செய்தார். அவருடைய ஒப்பந்தம் 70 கோடி டாலர்.

அது முடிந்த மூன்றாவது வாரத்தில் என் பட்டியல் வந்தது. இப்போதெல்லாம் மதிப்பீட்டையும் சம்பளத்தையும் ஒரே நாளில் பேசுவதில்லை. செப்டம்பரில் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நவம்பரில் பணத்தைப் பற்றி மட்டும். மூத்தவர் போனபின் அவருடைய பொறுப்புகளைச் சுமக்கும் பெண் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து, எங்கள் பிரிவுக்கு வந்த மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன். உங்களுக்கு 2 சதவீதம்தான் கொடுக்க முடிகிறது, உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை, பணம் இவ்வளவுதான் என்றேன். சொல்லும்போது தொண்டை வறண்டது.

அவர் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார்.

"எல்லோருக்கும் 2 சதவீதம் கொடுத்தாலும் இதில் மிச்சம் இருக்கிறதே. அது யாருக்குப் போகிறது?"

வெளியிலிருந்து அழைப்பு வந்திருக்கும் இளையவர்கள் இருவரைத் தக்கவைத்துக்கொள்வதற்கு என்று சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தத் தாளையே பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு வெளியிலிருந்து அழைப்பு வந்தால் உங்களிடம் முதலில் சொல்கிறேன், ஜூன் மாதம் இதை மறுபடி பேச முடியுமா என்று கேட்டார். ஜூன் 2, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி என்று இருவரும் குறித்துக்கொண்டோம்.