பேசாத வாரம்

மார்ச் 4, செவ்வாய்
தொண்டையில் ஆபரேஷன் முடிந்தது. நான் பேசுவது மட்டுமல்ல, கிசுகிசுக்கவும் கூடாதாம். செருமக்கூடாது. ஏழு நாள். இவர் டாக்டரிடம் 'சரி' என்றார். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியாதா?

மார்ச் 5
மதியத்துக்குள் 14 'சரி'. வேறு வார்த்தை இல்லை.

மார்ச் 6, வியாழன்
பேத்தியின் எழுத்துப்பலகைதான் இப்போது என் வாய். பொத்தானை அமுக்கினால் அத்தனையும் அழிந்துவிடும். ஆபரேஷன் விஷயத்தை நாத்தனாரிடம் ஏன் சொன்னீர்கள் என்று எழுதிக் காட்டினேன். பார்த்தார். பதில் இல்லை. "எப்பவும் இப்படித்தான் நீங்க" என்று அடுத்ததை எழுதிக்கொண்டிருக்கும்போதே எட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டு, பால் வாங்கக் கிளம்பிவிட்டார். வீட்டில் அரை லிட்டர் இருக்கிறது.

தூக்கம் வரவில்லை. போனில் படித்தேன். அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்று இருவர், தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, தகராறுள்ள விஷயத்தைப் பேசச் சொல்லி நாடித்துடிப்பை அளந்திருக்கிறார்கள். கல் மாதிரி உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உள்ளே படபடவென்று அடிக்குமாம். 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்கிறார் காட்மன். அப்படிக் கல்லாகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 'எப்பவும்' என்று ஆரம்பித்தால் அது குறையைச் சொல்வது இல்லை, ஆளையே குற்றம் சொல்வது என்றும் இருந்தது. அந்த வரியை இன்னொரு தரம் படிக்கவில்லை.

மார்ச் 7
இவர் வைத்த ரசத்தில் உப்பு இல்லை. 1302ஆம் குறளில் ஊடலை உப்புக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர், அளவு மீறக்கூடாது என்று. உப்பே போடாத ஆளை என்ன செய்வதாம்?

மார்ச் 8, சனி
நாத்தனார் போன். பார்க்க வருகிறாராம். இவர் 'சரி' என்று வைத்துவிட்டார். நான் பலகையைத் தொடவில்லை. கரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்துவந்து இவர் விரலில் மாட்டினேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மேலே 98. கீழே துடிப்பு 112.

என் விரலில் 81.

31 வருஷமாக இந்த மனுஷனுக்கு எதுவுமே உறைக்காது என்றல்லவா கத்தித் தீர்த்திருக்கிறேன்.

விளக்கை அணைத்த பிறகு தானாகச் சொன்னார்: "அக்காகிட்ட சொல்லலைன்னா அது அழும். சொன்னா நீ..." அதற்கு மேல் வரவில்லை. ஆறு வார்த்தை. எண்ணினேன்.

மார்ச் 9
துடிப்பு 76. நான் கேட்கவில்லை, அவரே மாட்டிப் பார்த்துக் காட்டினார்.

மார்ச் 10, திங்கள்
நாளை வாய் திறக்கலாம். முதலில் என்ன சொல்லப்போகிறாய் என்று மகள் கேட்கிறாள். இவர் மறுபடியும் பால் வாங்கி வந்திருக்கிறார். நான் ஒன்றும் எழுதவே இல்லையே.