பெயரில்லாத பிறப்புச் சான்றிதழும் வீட்டுக் கல்வியின் முதல் ஆண்டும்

என் மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழில் அவளுடைய பெயர் இல்லை என்பதை, அவள் பிறந்து 14 ஆண்டுகளும் 4 மாதங்களும் கழிந்த பிறகே நான் கவனித்தேன். பிறந்த தேதி இருக்கிறது, மருத்துவமனையின் பெயர் இருக்கிறது, எங்கள் இருவர் பெயரும் பிழையில்லாமல் இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஒரு சிறு கோடு. எல்.கே.ஜி.யில் சேர்த்தபோதும் ஆதார் எடுத்தபோதும் அந்தக் கோட்டை யாரும் பொருட்படுத்தவில்லை, நானும்தான். பத்தாம் வகுப்புக்காக, பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவுசெய்து, ஆவணத்தில் குறை என்று விண்ணப்பம் திரும்பி வந்தபோது, தாமதக் கட்டணம் இல்லாமல் சேரக் கடைசி நாளான ஜூலை 31க்கு மூன்று வாரங்கள்கூட மிச்சம் இல்லை.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு முடித்த மகள், ஐந்தாம் வகுப்பு முடித்த மகன், ஒன்றாம் வகுப்பைப் பெயருக்கு முடித்த கடைக்குட்டி என மூன்று பிள்ளைகள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மூவரையும் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் படிக்கவைப்பது என்ற முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை உறவினர்களிடம் விளக்கியே எனக்கு அலுத்துவிட்டது. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு, நான் எந்தெந்த வேலையை வரிசை மாற்றிச் செய்து அவதிப்பட்டேன் என்பது பயன்படலாம்.

மே மாதம் முழுவதையும் நான் கால அட்டவணைக்குச் செலவிட்டேன். பெரிய சார்ட் தாளில் மூன்று நிறங்களில், ஆளுக்கு ஏழு பாடவேளைகள், நடுவில் பத்து நிமிட இடைவேளை, வெள்ளிக்கிழமை கடைசி வேளை ஓவியம் என்று கட்டம் கட்டமாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். படமெடுத்துக் கணவருக்கு அனுப்பியபோது, மணி அடிப்பது யார் என்று மட்டும் அவர் கேட்டார். பள்ளி வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டு அதே பள்ளியை முன்னறையில் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் பார்த்து முடித்திருக்க வேண்டிய காகிதங்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில் கிடந்தன.

முதலில் மாற்றுச் சான்றிதழுக்காகப் பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கணினியைப் பார்த்தபடியே, "எந்த ஸ்கூலுக்கு மாத்துதீங்க?" என்று கேட்டார். வீட்டிலேயே படிக்கப் போகிறார்கள் என்றேன். அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அப்படி எழுதுவதற்கு இதில் இடம் கிடையாது, சேரப்போகும் பள்ளியை முடிவுசெய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை போனபோது முதல்வர் விடுப்பில் இருந்தார். மூன்றாவது முறை, ஜூன் மாதக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். பள்ளிக்கு ஒரு நாள்கூட வராத மாதத்துக்கு எதற்குக் கட்டணம் என்று எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்துத் தாருங்கள் என்றும் கேட்ட பிறகுதான், அன்று மாலையே மூன்று சான்றிதழ்களும் கைக்கு வந்தன. வாய்ப்பேச்சால் மூன்று நடையில் ஆகாத காரியத்தை ஒரு நகலும் ஒரு முத்திரையும் அரை நாளில் செய்தன.

வீட்டுக்கு வந்து விதிகளை நிதானமாகப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர்கள், அந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறோம் என்று தாங்களே உறுதிமொழி எழுதித் தரலாம். இளையவர்களுக்கோ, நாளைக்கே எங்கள் முடிவு மாறி அரசுப் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் தாமதமானதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் நான் நடந்த மூன்று நடை எதற்கு? ஒரே ஒரு பயன் உண்டு. மாற்றுச் சான்றிதழ் வழங்கினால்தான் பிள்ளையின் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் அவருக்கு உள்ள எண், பழைய பள்ளியிலிருந்து விடுபட்டுப் பொதுத் தொகுப்புக்குப் போகும். அதைச் செய்யாமல் விட்டால், பழைய பள்ளியின் பதிவேட்டிலேயே பெயர் தொங்கிக்கொண்டிருக்கும்.

இனி அந்தக் கோட்டின் கதை. மகள் பிறந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் போய், பெயர் சேர்க்க வேண்டும் என்றேன். "பிள்ளைக்க அப்பா வரணும்" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். அவர் மஸ்கட்டில் இருக்கிறார் என்றேன். "அப்போ அவரு லீவுல வரும்போ வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கணவருக்கு விடுமுறை டிசம்பரில். குழந்தையின் பெயரைச் சேர்க்கப் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டுகள்வரைதான் அவகாசம்; மகளுக்கு அது மார்ச்சில் முடிகிறது. டிசம்பர் என்றால் அந்தக் கணக்குக்குத் தப்பிக்கலாம், ஜூலை 31க்குத் தப்ப முடியாது. பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் என்னைத் தவிர எல்லோரையும் மனத்துக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 14ஆவது பிரிவில், பெயரில்லாமல் பதிவான குழந்தையின் பெயரைப் பெற்றோரோ காப்பாளரோ வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ பதிவாளருக்குத் தெரிவிக்கலாம் என்றுதான் இருக்கிறது. தந்தைதான் வர வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் மறுபடியும் போனேன். முதல் நாள் பார்த்தவர் அதைத் தொடக்கூட இல்லை. பக்கத்து அறையில் இருந்த மூத்த அலுவலரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வாசித்துவிட்டு, அம்மாவின் கையெழுத்து போதும், ஆனால் இதுதான் பிள்ளையின் பெயர் என்பதற்குப் பள்ளிச் சான்று ஏதாவது வேண்டும் என்றார். முந்தைய வாரம் நான் அத்தனை வசைபாடிய மாற்றுச் சான்றிதழைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இந்தக் கட்டத்தில் யாரும் அவசரப்படக் கூடாது. மாற்றுச் சான்றிதழில் மகளின் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கிறது. ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் இருக்கிறது. எதைப் பதிவேட்டில் ஏற்றப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போக வேண்டும், ஏனெனில் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது வேறொரு பெரிய அலைச்சல். நான் ஆதாரில் உள்ளபடியே கேட்டேன். தட்டச்சு முடிந்ததும் திரையைக் காட்டச் சொன்னேன். தமிழில் சரியாக இருந்த பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை இழந்திருந்தது. அச்சாகிக் கையெழுத்தும் விழுந்த பிறகு அதைக் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. தாமதக் கட்டணத்தைக் கட்டிச் சான்றிதழை வாங்கியது ஜூலை 24ஆம் தேதி. 26ஆம் தேதி பதிவேற்றிய விண்ணப்பம் இம்முறை திரும்பி வரவில்லை.

ஆதாரைத் திருத்த வேண்டியிருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்த பிறகே அதில் கைவைக்க வேண்டும். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. ஐந்து வயது கடந்த பிள்ளைக்குக் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நான் மறந்திருந்தேன். கடைக்குட்டியை அதற்கென்று தனியாக ஒரு நாள் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் முன்பே, ஜூன் கடைசியில், திறந்தநிலைப் பள்ளியின் படிப்பு மையத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பி ஒரு நாளைத் தொலைத்திருந்தேன். பட்டியலில் நாகர்கோவில் முகவரி ஒன்று இருந்தது. தொலைபேசியில் கேட்காமல், கொட்டும் மழையில், மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே அந்த வேலையை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்று காவலாளி சொன்னார். கடைக்குட்டியின் புதுச் செருப்பில் ஒன்று வடசேரிப் பேருந்து நிலையத்து மழைநீரோடு போனதுதான் அன்றைய வரவு செலவு. அடுத்த மையத்தைத் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்ட பிறகே தேர்ந்தெடுத்தேன்: தமிழ் வழியில் எழுதும் ஒப்படைகளை (வீட்டில் எழுதித் தரும் பயிற்சிகளை) திருத்த ஆள் இருக்கிறாரா, அறிவியல் செய்முறைக்கு ஆய்வகம் உண்டா, நேரடி வகுப்புகள் எந்தக் கிழமைகளில் நடக்கின்றன. மண்டல அலுவலகம் இருக்கும் சென்னை நமக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவு என்பதால், அருகில் இருக்கும் மையம் சரியாக இல்லாவிட்டால் போய் நிற்க வேறு இடம் கிடையாது. ஒப்படைகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தேர்வை நினைத்துக்கொண்டு அதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுப்பது, கட்டணம் கட்டுவது, புத்தகம் வருவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

சுவரில் ஒட்டிய அட்டவணை நான்கு நாட்கள் உயிரோடு இருந்தது. ஐந்தாம் நாள் நான் மூத்தவளுக்கு இருபடிச் சமன்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது, 'தமிழ் எழுத்துப் பயிற்சி' வேளையில் இருந்த கடைக்குட்டி அரைத்து வைத்த தோசை மாவில் எழுதிக்கொண்டிருந்தான். தென்மேற்குப் பருவமழை இந்த மாவட்டத்தில் ஜூனிலேயே இறங்கிவிடும். மின்சாரம் போகும், இணையம் போகும், துவைத்த துணி காயாது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் எழுதிய திட்டங்களைப் பார்த்து, ஜூனில் கடினமான பாடங்களை முடித்துவிடலாம் என்று வைத்தது என் அறியாமை. ஐப்பசியில் வடகிழக்கு மழையும் வரும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்களை வெற்றாக விட்டே இங்கே திட்டம் போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் விடுமுறை நாட்களையும் கழித்துவிட வேண்டும். டிசம்பர் 3 அன்று கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டமே விடுமுறையில் இருக்கும்போது என் வீட்டில் மட்டும் பின்னக் கணக்கு நடக்காது.

இப்போது காலையில் இரண்டு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் மட்டும் தனித்தனியாக நடக்கின்றன. பதினொரு மணிக்குக் கட்டன்சாயாவோடு மூவரும் ஒன்றாக உட்கார, மூத்தவள் ஏதாவது ஒன்றை உரக்க வாசிப்பாள். கடைக்குட்டிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நடுவிலவனுடையது. அதனால் அவனுடைய வாய்ப்பாடும் ஒருவழியாகத் தேறிவிட்டது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரம் 115 அடி, தூண்கள் 28 என்று படித்துவிட்டு, பறளியாற்றங்கரையில் நின்று நிழலை அளந்து தூணின் உயரத்தைக் கணக்கிட முயன்று, விடை 90 அடி என்று வந்ததில் அரை நாள் சண்டை நடந்தது.

வெளியே போகும் நாட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டம் இல்லாத நாள் நமக்குத்தானே வசதி என்று பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு திங்கட்கிழமை மூவரையும் அழைத்துப் போனேன். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பத்துக் கிலோமீட்டருக்குள் காலமெல்லாம் வாழ்ந்தும் எனக்கு அது தெரியவில்லை. பூட்டிய வாசலில் நின்று, தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் இந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை ஏன் பார்த்துக்கொள்கிறது என்று நடுவிலவன் கேட்டான். நீலகண்டசாமி கோயில் பக்கமாக நடந்துபோய் நிழலில் உட்கார்ந்து, திருவிதாங்கூரையும், இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1ஆம் தேதியையும் சொன்னேன். சமூக அறிவியலுக்கு நான் ஒதுக்கியிருந்த இரண்டு வாரங்கள் அந்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. அரண்மனையை இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர்கள் இருவர் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு உண்மையிலேயே வியர்த்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் 10ஆவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தும் எதையும் நான் பேசவில்லை, அதுவே நல்லதாயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் நாள்தோறும் தேதியிட்டு இரண்டே வரிகள், என்ன படித்தோம் என்று எழுதி வந்திருந்தேன். அந்த மூன்று நோட்டுகளையும் எடுத்து வைத்தேன். வந்தவர்களில் மூத்தவர் பொறுமையாகப் புரட்டிவிட்டு, நடுவிலவனிடம் ஒரு கணக்குப் போடச் சொன்னார். பிறகு, 12½ வயது நிறைந்ததும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வை எழுத வைத்துவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெற்றோர் விருப்பத்தின்பேரில் வீட்டில் கற்கிறார் என்று குறித்துக்கொண்டு போனார். வாசலில் நின்று சட்டம் பேசியிருந்தால் இந்த நல்ல யோசனை எனக்குக் கிடைத்திருக்காது.

மாமியாருக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. "எப்பம் பள்ளிக்கூடத்துக்குப் போவ மக்கா?" என்று கடைக்குட்டியிடம் வாரம் ஒருமுறையாவது கேட்கிறார், அவனும் நாளைக்கு என்று சளைக்காமல் சொல்கிறான். அந்த ஆசிரியர் சொல்லிப் போன தேர்வுக்கு இப்போதே தயாராக இருப்போமே என்று போன வாரம் இரும்புப் பெட்டியைத் திறந்து நடுவிலவனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயர் இருக்கிறது. என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. திருத்த விண்ணப்பத்தை எழுதி, நகலெடுத்து, முத்திரை வாங்குவதற்கான தாளையும் சேர்த்துப் பையில் வைத்திருக்கிறேன்.